நான் கேட்டது சந்தோஷமான முடிவை அல்ல

சனிக்கிழமை நேரலையில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாள் பொறுத்தும் பார்த்தேன். ஆனால் அந்த 40 நொடி வெட்டு வீடியோ இன்று காலையில் எங்கள் சொந்தக்காரர்கள் குழுவுக்கே வந்து சேர்ந்துவிட்டது, "இது நீதானே?" என்ற கேள்வியோடு. ஆமாம், நான்தான். மாஸ் எஃபெக்ட் 3 கேமின் முடிவைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்துபோனது என்னுடையதுதான். அதைப் பார்த்து நேரலையை நடத்திய அண்ணன் சிரித்துக்கொண்டே, "ஏம்மா, கதை எழுதினவனுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? நீ பட்டன் அழுத்தினவ, அவ்வளவுதானே?" என்று கேட்டாரே, அதற்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. இன்று சொல்கிறேன்.

(மாஸ் எஃபெக்ட், விட்சர் 3 இரண்டின் முடிவும் கீழே வருகிறது. விளையாடாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.)

முதலில் ஒன்று. மாஸ் எஃபெக்டில் நாம் ஆடும் பாத்திரமான ஷெப்பர்ட் சாகக் கூடாது என்று நான் கேட்கவே இல்லை. எல்லோரும் பிழைத்து, கல்யாணம் செய்து, சிரித்துக்கொண்டே முடிய வேண்டும் என்றும் கேட்கவில்லை. இதை அந்த நேரலையில் இரண்டு முறை சொன்னேன். இரண்டு முறையும் வெட்டப்பட்டிருக்கிறது. நான் கேட்டது, நான் செய்தது அந்த முடிவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும்தான்.

மாஸ் எஃபெக்ட் முதல் பாகம் 2007-இல் வந்தது, இரண்டாவது 2010-இல், மூன்றாவது 2012 மார்ச்சில். முதல் பாகத்தில் நம் ஆட்டத்தைச் சேமித்த சேவ் ஃபைலை இரண்டாவதில் ஏற்றலாம், அதை மூன்றாவதுக்குக் கொண்டுபோகலாம். விர்மயர் கிரகத்தில் கூட வந்த கெய்டனை விட்டுவிட்டு ஆஷ்லியைக் காப்பாற்றினீர்களா, ராக்னி என்ற பூச்சி இனத்தின் ராணியைக் கொன்றீர்களா விடுவித்தீர்களா, எல்லாவற்றையும் கேம் நினைவில் வைத்திருக்கும். ஐந்து வருடம் அவர்கள் நம்மிடம் சொல்லிக்கொண்டே வந்தது இதைத்தான்: இது உன் ஷெப்பர்ட், இது உன் கதை. மூன்றாம் பாகம் வருவதற்கு முன் அதன் இயக்குநர் கேசி ஹட்சன் ஒரு பேட்டியில், ஏ, பி, சி என்று எண்ணிச் சொல்லும் வகையான முடிவு இதில் இருக்காது என்றார். நாங்கள் நம்பினோம். நம்பினது எங்கள் தப்பு என்று யாராவது சொல்வதாக இருந்தால் அவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

சரி, இப்போது என் தம்பி.

முதல் பாகத்தை நாங்கள் வாங்கும்போது அவனுக்கு 12 வயது, எனக்கு 17. ஒரே ஒரு கன்ட்ரோலர். சண்டை அவனுக்கு, பேச்சு எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். சுட்டுக்கொண்டே போவான், யாராவது பேச வந்து திரையில் அந்தப் பதில் வட்டம் விரிந்தால் உடனே "அக்கா, பேச்சு வந்திருச்சு" என்று கன்ட்ரோலரை என் கையில் திணிப்பான். பிடி எப்போதும் அவன் கை வியர்வையில் ஈரமாக இருக்கும், பாவாடையில் துடைத்துவிட்டு வாங்குவேன். எந்தப் பதிலைச் சொன்னால் யார் கோபப்படுவார்கள் என்று இரண்டு பேரும் விவாதிப்போம். சில பதில்களுக்குப் பத்து நிமிடம். ஜெனிஃபர் ஹேல் குரல் கொடுத்த பெண் ஷெப்பர்ட் எங்களுடையது, முகம் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்தது. ஒரு புருவம் கொஞ்சம் மேலே இருக்கும். மூன்று பாகமும் அதே முகம்தான்.

மூன்றாவது வந்தபோது அவன் விடுதியில் இருந்தான். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு டிவி பக்கத்தில் சாய்த்து வைத்துவிட்டு விளையாடினேன். சண்டையும் நானே போட்டேன், மோசமாகப் போட்டேன், அவன் சத்தத்தை வைத்தே "இடது பக்கம் போ, இடது பக்கம்" என்று கத்துவான்.

மூன்றாம் பாகத்தில் வரும் ரேனோக் கிரகத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என் வழக்கு முழுக்க அங்கேதான் இருக்கிறது. குவாரியன்கள் வேலைக்காக உருவாக்கிய இயந்திரங்கள் கெத். அவை யோசிக்க ஆரம்பித்தபோது குவாரியன்கள் பயந்து அழிக்கப் பார்த்தார்கள், போர் வந்தது, தோற்றுப்போய்ச் சொந்தக் கிரகத்தை விட்டே ஓடினார்கள். 300 வருடமாகக் கப்பல்களில், முகமூடிக்குள் வாழ்க்கை. மூன்றாம் பாகத்தில் இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்த முடியும், ஆனால் சும்மா வந்துவிடாது. இரண்டாம் பாகத்திலேயே நம்மோடு வரும் குவாரியன் பெண் டாலியின் விசாரணையில் அவளை நாடுகடத்த விடாமல் காத்திருக்க வேண்டும், டாலிக்கும் நம்மோடு வரும் கெத்தான லீஜியனுக்கும் வந்த சண்டையைத் தீர்த்திருக்க வேண்டும், மூன்றாவதில் ஒரு அட்மிரலைக் காப்பாற்ற வேண்டும், இப்படிப் போகும். சிலது தவறினால் ஒரு இனம் உங்கள் கண் முன்னால் அழியும்.

நாங்கள் தவறவிடவில்லை. லீஜியன் 1,183 நிரல்கள் சேர்ந்த ஒரு கெத். இரண்டு பாகமாக "நாங்கள்" என்று மட்டுமே பேசிவந்தது. தன் இனம் முழுவதற்கும் உயிர் கொடுக்கப்போகிற அந்தக் கடைசி நேரத்தில்தான் முதன்முறையாக "நான்" என்கிறது. தனக்கு ஆன்மா உண்டா என்ற கேள்வி கெத்களுக்கு 300 வருடக் கேள்வி, அதற்கு உண்டு என்று டாலி பதில் சொல்கிறாள், எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அது சரிகிறது. போனில் ஐந்து நொடி எதுவும் கேட்கவில்லை. அப்புறம் தம்பி மூக்கை உறிஞ்சும் சத்தம்.

அதற்கப்புறம்தான் கடைசிக் காட்சி. உயிர்களை அழித்துக்கொண்டே வரும் ராட்சத இயந்திரங்களான ரீப்பர்களை இயக்கும் ஒரு செயற்கை அறிவு, ஒரு சிறுவனின் உருவத்தில் வந்து நின்று, படைக்கப்பட்ட இயந்திரங்கள் எப்போதுமே படைத்தவர்களை எதிர்த்து எழும், அதைத் தடுக்கத்தான் இத்தனை அழிவும் என்கிறது. மூன்று வழி தருகிறது. சிவப்பு என்றால் ரீப்பர்கள் அழியும், கெத்தும் சேர்ந்து அழியும். நீலம் என்றால் ரீப்பர்களைக் கட்டுப்படுத்தலாம். பச்சை என்றால் எல்லா உயிரும் இயந்திரமும் ஒன்றாகிவிடும்.

நான் படித்துக் காட்டினேன். தம்பி சொன்னான்: "அக்கா, நாமதான் அவங்கள சமாதானம் பண்ணி வெச்சிட்டோமே. அத சொல்லு."

"சொல்ல வழியே இல்லைடா."

"நீ சொல்லு அக்கா, பேச்சு உன்னோடதுதானே."

அந்த 2012 வடிவத்தில் அதைச் சொல்ல ஒரு வரி கிடையாது. நான் நிரூபித்துவிட்டு வந்திருக்கிறேன், இயந்திரமும் படைத்தவனும் இப்போது ஒரே கிரகத்தில் சேர்ந்து வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்கள், எனக்காக ஒன்றாகப் படை அனுப்பியிருக்கிறார்கள், அதை வாய் திறந்து சொல்ல என் ஷெப்பர்டுக்கு ஒரே ஒரு வாக்கியம் தரவில்லை. அந்தச் சிறுவன் அதை ஒத்துக்கொள்ளக்கூட வேண்டாம், மறுத்துத் தள்ளிவிட்டுப் போகட்டும், ஆனால் சொல்லவிட்டிருக்க வேண்டும். ஐந்து வருடமாகப் பேசவைத்தார்கள், கடைசியில் வாயை மூடிவிட்டார்கள். என் குரல் உடைந்தது இந்த இடத்தில்தான். 40 நொடியில் இது இல்லை.

நான் சிவப்பை எடுத்தேன். ரீப்பர்களை ஒழிப்போம் என்று முதல் பாகத்திலிருந்தே இரண்டு பேரும் சொல்லிவந்தோம், வேறு எதற்கும் கால் போகவில்லை. "எதுல போன?" என்றான். சிவப்பு என்றேன். "அப்போ லீஜியன் செத்தது..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிட்டான். அதற்குள் பெயர்ப் பட்டியல் ஓடி முடிந்து, இந்தப் புகழை மேலும் விளையாடி, டவுன்லோடு பகுதிகள் வழியாக வளர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு பெட்டி வந்து நின்றது.

இப்போது எழுத்தாளரின் உரிமைக்கு வருவோம், "எழுதினவனுக்குத் தெரியாததா" என்பதற்கு. எழுதினவருக்குத் தெரியும். 1997-இல் ஃபைனல் ஃபேன்டசி 7 கேமில் நம்மோடு கூட வந்த ஏரித் செத்தாள், யாரும் எங்களிடம் கேட்கவில்லை, அழுதுவிட்டு மேலே விளையாடினோம். யாராவது உரிமை கேட்டோமா? அது அவர்கள் கதை, அவர்கள் முடிவு. ஆனால் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, நீயே தேர்ந்தெடு, உன் தேர்வுக்கு விளைவு உண்டு என்று நூறு மணி நேரம் சொன்னவர்களுக்கு அந்த உரிமையோடு ஒரு கடனும் சேர்ந்துதான் வருகிறது. அதைக் கேட்பது அகம்பாவமா?

எல்லாத் தேர்வையும் முடிவில் காட்டுவது நடக்கிற காரியமா என்பார்கள். இது நியாயமான கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். இரண்டிரண்டு வழியாகப் பத்துத் தேர்வு வைத்தாலே 1,024 பாதை வரும். அத்தனைக்கும் தனித்தனிக் காட்சி எடுக்க எந்த ஸ்டூடியோவாலும் முடியாது. ஆனால் நான் 1,024 காட்சி கேட்கவில்லையே. ஒரு வரி கேட்டேன். பால்டர்ஸ் கேட் 3 2023 ஆகஸ்டில் வந்தது, முடிவில் கூட இருந்தவர்களைப் பற்றிப் போதவில்லை என்று விளையாடினவர்கள் சொன்னார்கள், நவம்பர் கடைசியில் ஐந்தாவது பேட்ச் என்ற அப்டேட்டில் ஆறு மாதம் கழித்து எல்லோரும் கூடும் ஓர் இரவைச் சேர்த்துக் கொடுத்தார்கள். என்ன நடக்கிறது அங்கே? நெருப்பைச் சுற்றி நின்று பேசுகிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பேச்சு போதும்.

சந்தோஷ முடிவு கேட்டு அழுகிறேன் என்று இன்னும் நினைப்பவர்களுக்கு விட்சர் 3. அதில் நாம் ஆடுவது கெரால்டாக. அவனுடைய குரு வெஸிமிர் இறந்த பிறகு, அவன் வளர்த்த மகள் சிரி உடைந்துபோய் உட்கார்ந்திருக்கிறாள். எல்லாவற்றிலும் நீ கெட்டிக்காரியாக இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி அவளோடு குடிக்க உட்காரலாம், அல்லது அவளை வெளியே கூட்டிப்போய்ப் பனி உருண்டை எறிந்து விளையாடலாம். நான் முதல் முறை குடிக்க உட்கார்ந்தேன். ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தேன். அப்படி இன்னும் சில சின்ன இடங்களிலும் தப்பாக நடந்திருக்கிறேன். முடிவில் சிரி திரும்பி வரவில்லை. கெரால்ட் சதுப்பு நிலத்துக் குடிசையில் வெஸிமிரின் பழைய பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வெளியே மிருகங்கள் நெருங்குகின்றன. அதைவிடக் கொடுமையான முடிவை நான் பார்த்ததில்லை. ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை நான். ஏனென்றால் அது என்னுடையது. அவளுக்கு விளையாட ஒரு துணை வேண்டியிருந்தபோது நான் அறிவுரை சொன்னேன், கேம் அதை மறக்கவில்லை.

மாஸ் எஃபெக்ட் ரசிகர்கள் அன்று எழுத்தாளர்களை ஆபாசமாகத் திட்டினார்களே என்றும் ஒருவர் அந்த வீடியோவுக்குக் கீழே கேட்டிருக்கிறார். திட்டினவர்கள் இருந்தார்கள். தப்பு. ஆனால் அதே ரசிகர்கள்தான் மருத்துவமனைகளில் இருக்கும் குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் கொடுக்கும் சைல்ட்ஸ் ப்ளே அமைப்புக்கு 80,000 டாலர் சேர்த்துக் கொடுத்தார்கள். சிவப்பு, நீலம், பச்சை நிறத்தில் சுமார் 400 கப்கேக் செய்து, கேமை உருவாக்கிய பயோவேர் நிறுவனத்துக்கு அனுப்பினார்கள், மூன்று நிறத்துக்கும் ஒரே ருசி. பயோவேர் அந்த ஜூன் மாதமே நீட்டிக்கப்பட்ட முடிவை இலவசமாக வெளியிட்டது. மூன்று வழியையும் மறுக்கலாம் என்று நாலாவது வழி ஒன்றும் அதில் வந்தது. மறுத்தால் எல்லோரும் சாகிறார்கள். அதையும் விளையாடினேன், அழுதேன், ஆனால் இந்த முறை என் ஷெப்பர்ட் நிமிர்ந்து நின்று முடியாது என்று பேசினாள். அது போதுமாக இருந்தது எனக்கு.

பட்டன் அழுத்தினவள் என்றீர்கள் அண்ணா. படம் பார்த்து அழுதால் ரசனை என்கிறீர்கள், நாவல் படித்து அழுதால் நல்ல மனசு என்கிறீர்கள். நானும் அதற்கெல்லாம் அழுதிருக்கிறேன். ஆனால் ஒரு நாவலை மூடிவைத்துவிட்டு "நான் ஏன் அப்படிச் செய்தேன்" என்று தூக்கம் வராமல் கிடந்ததில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியைக் கேம்தான் கொடுக்கும், ஏனென்றால் அந்தப் பட்டனை அழுத்தினது நான். நீங்கள் கேலியாகச் சொன்னீர்கள், அதைத்தான் நான் அழுகையோடு சொல்லிக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு இப்போது வேலை, வீடு, குழந்தை. கேம் தொட்டு வருடக்கணக்காகிறது. வீடியோவைப் பார்த்துவிட்டு நேற்று ராத்திரி கூப்பிட்டான். நான் அழுததைப் பற்றி எதுவும் பேசவில்லை. "அந்த சேவ் இன்னும் வெச்சிருக்கியா?" என்று கேட்டான். வைத்திருக்கிறேன். அந்த ஒரு புருவத்தோடு.

அண்ணா, முழுப் பதிவும் உங்களிடம் இருக்கிறது. 40 நொடி போட்டுவிட்டீர்கள், மீதியையும் போடுங்கள். லீஜியனைப் பற்றி நான் பேசியது 11-ஆவது நிமிடத்தில் ஆரம்பிக்கிறது.