மலைக்கு வரும் மருத்துவர் ஏன் நிலைப்பதில்லை: ஆய்வுகள் சொல்வதும் நாம் கணக்கெடுக்காததும்

குடும்ப மருத்துவர்களையும் ஆரம்ப சுகாதாரத்தையும் பற்றி வெளிவரும் ஆய்வுக் கட்டுரைகளைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். கோத்தகிரிப் பக்கம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். இந்த ஆய்வுகளின் போக்கு எங்கள் மலையை நேராகத் தொடுகிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

இத்துறையின் தொடக்க கால ஆய்வுகளில் பலவற்றைச் செய்தவர்கள் ஊர் மருத்துவர்களே. இங்கிலாந்தின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் வில்லியம் பிக்கிள்ஸ், எந்த வீட்டில் என்றைக்கு நோய் கண்டது, யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று குறித்து வைத்து 1939-இல் நூலாக்கினார். வேல்ஸில் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த ஒரு கிராமத்தில் வேலை பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட், மருத்துவம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே அது குறைவாகக் கிடைக்கிறது என்று 1971-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார். அதற்கும் முன்பே, 1961-இல், கெர் வைட்டும் அவருடன் இருந்தவர்களும் ஒரு கணக்கைக் காட்டியிருந்தார்கள்: 1000 பெரியவர்களில் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதோ ஒரு உபாதை வருகிறது, 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள், 9 பேர் மருத்துவமனையில் சேர்கிறார்கள், ஒரே ஒருவர்தான் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார். மருத்துவ மாணவர்கள் படிப்பதோ பெரும்பாலும் அந்த ஒருவரை வைத்துத்தான்.

பிறகு நோட்டுப் புத்தகத்தின் இடத்தைக் கணினித் தரவு பிடித்துக்கொண்டது. ஸ்காட்லாந்தில் சுமார் 17.5 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து 2012-இல் வெளியான ஆய்வு, ஒரே ஆளுக்குப் பல நாள்பட்ட நோய்கள் சேரும் நிலை ஏழ்மையான பகுதிகளில் 10 முதல் 15 ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது என்று காட்டியது. கொரோனாவுக்குப் பிறகு தொலைபேசி வழி ஆலோசனை, மருத்துவர்களின் மனச்சோர்வு, செயற்கை நுண்ணறிவு ஆகியவை பற்றிய கட்டுரைகள் குவிகின்றன. இவற்றில் பலவற்றைத் தலைப்போடு தாண்டிப் போய்விடுகிறேன்.

தாண்ட முடியாத ஒன்று உண்டு. நோயாளி நெடுங்காலம் ஒரே மருத்துவரிடம் பார்ப்பதால் என்ன பயன் என்ற கேள்வி அது. 2018-இல் 22 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் 18, மருத்துவர் மாறாதவர்களிடையே இறப்பு குறைவு என்று கண்டிருந்தன. நார்வேயில் ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் பார்த்தவர்களை, முதல் ஆண்டில் இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். அவசர மருத்துவமனைச் சேர்க்கை ஏறத்தாழ 30 சதவீதமும் இறப்பு 25 சதவீதமும் குறைவு. இடம் மாறாமல் வாழ்கிறவர்கள் இயல்பாகவே சற்று நலமாக இருப்பார்களோ என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனாலும் வெவ்வேறு நாடுகளின் முடிவுகள் ஒரே பக்கம் சாய்வதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

காரணத்தை மருந்து கொடுக்கும் ஜன்னலில் நின்று நானே பார்த்திருக்கிறேன். கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவுக்குப் பிரஷர் இறங்கவே இல்லை. புதிதாக வந்த ஒவ்வொரு டாக்டரும் சீட்டைப் பார்த்து மாத்திரையின் அளவைக் கூட்டினார். அந்த அம்மாவோ, அடிக்கடி சிறுநீர் போக வைக்கும் நீர் மாத்திரையை, காலையில் போட வேண்டியதை, வேலை நாட்களில் போடுவதே இல்லை. தேயிலைக் காட்டில் ஒதுங்க இடம் கிடையாது, மேஸ்திரியிடம் சொல்லிவிட்டுப் போகவும் கூச்சம். இதை முதல் தடவை பார்க்கும் டாக்டரிடம் எந்தப் பெண் சொல்வார்? கொஞ்ச காலம் நிலைத்திருந்த ஒரு டாக்டரம்மாவிடம்தான் சொன்னார். மாத்திரை மாறியது, பிரஷரும் இறங்கியது.

இங்கே மருத்துவர்கள் நிலைக்காததற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடினமான பகுதிகளில் பணியாற்றும் அரசு மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்புச் சேர்க்கையில் ஊக்க மதிப்பெண் தருகிறார்கள். இளைஞர்களை மலைக்கு வரவழைப்பதும் அதுதான், இடம் கிடைத்ததும் இறக்கிக் கொண்டுபோவதும் அதுதான். கிராம சுகாதார செவிலியர்தான் ஓரளவு நிலைத்திருக்கிறார். கூடலூரில் 1990 முதல் இயங்கும் ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகப் பயிற்றுவித்து அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்களைத் தொடர்ந்து கவனிப்பதையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். நார்வேக்காரர்கள் மருத்துவரை மட்டுமே கணக்கெடுத்தார்கள். எங்கள் மலையில் செவிலியரையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை வேறாகவும் வரலாம்.

ஆனால் அந்தக் கணக்கை எடுப்பவர் யார்? நம் நாட்டிலிருந்து வரும் கட்டுரைகளில் என் கண்ணில் அதிகம் படுவது, மக்களுக்கு இந்த நோயைப் பற்றி விழிப்புணர்வு இருக்கிறதா என்று கேட்டுச் சதவீதம் போடும் வகை. தெரியாதவர் மக்கள் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டுக் கேட்கும் கேள்வி அது. இப்போது ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இளநிலை மாணவர்களின் குறுகிய கால ஆய்வுக்கு ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உதவித்தொகையும் தருகிறது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வாங்குபவர்களின் நோட்டில் அன்றைக்குப் பார்த்தவர் டாக்டரா, செவிலியரா, அவர் பெயர் என்ன என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும். பத்து முறை வந்தவர் ஏழு முறை ஒரே ஆளைப் பார்த்திருந்தால் 0.7, வெளிநாட்டு ஆய்வுகளிலும் இந்தக் கணக்கைத்தான் போடுகிறார்கள். அந்த எண்ணையும் அதே நோட்டில் இருக்கும் பிரஷர் அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு மாணவருக்கு ஒரு கோடை விடுமுறை போதும்.