டீனேஜர்ஸ் குழுவைத் தொடங்கியது பிராங்கி லைமன் அல்ல

"13 வயதிலேயே தானாக ஒரு குழு சேர்த்து, ‘வொய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்’ பாட்டையும் எழுதி ஹிட் கொடுத்தவர் பிராங்கி லைமன்" என்று அமெரிக்காவின் ‘டீனேஜர்ஸ்’ பாடகர் குழுவைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். வயது சரி. மற்றதைத் திருத்தியே ஆக வேண்டும்.

நியூயார்க்கில் ஒரே பள்ளியில் படித்த ஜிம்மி மெர்ச்சன்ட், ஷெர்மன் கார்ன்ஸ் இருவரும் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள். அப்புறம் ஹெர்மன் சான்டியாகோ, ஜோ நெக்ரோனி வந்தார்கள். லைமன் கடைசியாகச் சேர்ந்தவர். முதலில் முன்னணிக் குரலே சான்டியாகோதான்! அந்தப் பாட்டின் தொடக்கத்தில் கனமாக இறங்கும் அடிக்குரலைக் கேளுங்கள், அது கார்ன்ஸ். அதன் மேல்தான் லைமனின் பிஞ்சுக் குரல் ஏறி நிற்கிறது. அவர் அபாரமான பாடகர், அதில் சந்தேகமே இல்லை.

எழுதியது யார் என்பதுதான் என்னை உறுத்துகிற விஷயம். 1956-ல் வெளிவந்த பாட்டு அது. இசைத்தட்டு நிறுவன முதலாளி ஜார்ஜ் கோல்ட்னர் பெயரும், பின்னாளில் அவரிடமிருந்து நிறுவனத்தை வாங்கிய மாரிஸ் லெவி பெயரும் ஆசிரியராக ஏறின. 1992-ல் நீதிமன்ற ஜூரி, அதை எழுதியதில் சான்டியாகோவுக்கும் மெர்ச்சன்டுக்கும் பங்கு உண்டு என்றது. 1996-ல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. காரணம், வழக்குத் தொடுக்க வேண்டிய கால வரம்பு தாண்டிவிட்டதாம். அவர்கள் எழுதவில்லை என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. அதனால் "லைமன் எழுதியது" என்று எழுதும்போது சான்டியாகோ, மெர்ச்சன்ட் பெயர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.