அடியில் இருப்பது பிரிவே அற்றதாகத்தான் இருக்க வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது எதுவானாலும் அதற்குள் கூறுகளோ வேறுபாடுகளோ இருக்கக்கூடாது என்று சொன்னால், வெள்ளவத்தையில் நாங்கள் கூடிக் கதைக்கிற இடத்தில் பலரும் உடனே தலையாட்டி விடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை.

வாதம் இதுதான்: கூறுகள் உள்ள பொருள் அந்தக் கூறுகளைச் சார்ந்து நிற்கிறது, சார்ந்து நிற்பது அடிப்படை ஆகாது. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் கத்தோலிக்க நண்பர் இதை 13ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தோமஸ் அக்குவைனாஸ் வழியாகச் சொல்வார்: கடவுளின் சாரமும் (அவர் என்னவாக இருக்கிறார் என்பதும்) அவர் இருப்பதும் வேறல்ல, அவருடைய அறிவும் வல்லமையும் அவரேதான். 1714இல் ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸும் கூட்டுப்பொருள்கள் இருப்பதால் கூறற்ற பொருள்கள் இருந்தே தீர வேண்டும் என்றார்.

சரி, முழுமை எப்போதும் கூறுகளைத்தான் சார்ந்திருக்கும் என்று யார் சொன்னது? குவாண்டம் பின்னலில் (entanglement), அதாவது ஒரே கூட்டு நிலையில் பிணைந்து, இருக்கும் இரண்டு துகள்களைத் தனித்தனியே எவ்வளவு விவரித்தாலும் சோடியின் நிலை கிடைக்காது, சோடியின் நிலை தெரிந்தாலோ ஒவ்வொரு துகளின் நிலையும் அதிலிருந்தே கிடைத்துவிடும். இதையெல்லாம் வைத்துத்தான் தத்துவவாதி ஜொனதன் ஷாஃபர் 2010இல் பிரபஞ்சம் முழுவதுமே முதல், பகுதிகள் பிறகு என்று வாதாடினார்.

அப்புறம், கூறு இல்லை என்பதும் வேறுபாடு இல்லை என்பதும் ஒன்றா? எலக்ட்ரானுக்குள் இதுவரை எந்த உட்கூறும் காணப்படவில்லை, ஆனாலும் அதற்கு மின்னேற்றம், நிறை, சுழற்சி மூன்றும் உண்டு, மூன்றும் வேறு வேறு. நம் சைவ சித்தாந்தத்தில் ஆணவத்தைப் பாருங்கள், உயிரின் அறிவை மறைக்கிற மாசு அது. பள்ளியில் சைவநெறி படித்த பலருக்கும் அது மும்மலத்தில், அதாவது உயிரைப் பிணிக்கும் மூன்று மாசுகளில், ஒன்று என்ற அளவில்தான் நினைவிருக்கும். ஆணவம் ஒன்றே, அனாதியானது, ஆனால் உயிர்தோறும் நின்று மறைக்கும் எண்ணற்ற சக்திகள் அதற்கு உண்டு என்று 14ஆம் நூற்றாண்டிலேயே சைவ சித்தாந்த ஆசிரியர் உமாபதி சிவம் சொல்லிவிட்டார். ஒருமைக்குள் பன்மை இருப்பது சித்தாந்திகளுக்கு ஒரு சிக்கலாகவே படவில்லை.

அந்தப் பன்மையை ஒன்றாகப் பிடித்து வைத்திருப்பது எது என்று நண்பர் கேட்டார். நல்ல கேள்வி, ஆனால் முதலில் பிரிந்து கிடந்து பிறகு சேர்ந்தவற்றுக்குத்தான் அந்தக் கேள்வி பொருந்தும். குணத்தையும் குணியையும் (குணத்தை உடைய பொருளையும்) யாரும் கொண்டுவந்து ஒட்டவில்லை. தனித்தனியே இருந்தவற்றைச் சேர்த்து ஆக்கியது அடிப்படை ஆகாது என்றால் நானும் ஒப்புக்கொள்வேன், அதற்கு மேல் ஒரு அடியும் போகமாட்டேன்.

பதிலுக்கு, அமெரிக்கத் தத்துவவாதி பிளான்டிங்கா 1980இல் எழுப்பிய சிக்கலைத்தான் நான் அவர் முன் வைத்தேன். கடவுளும் அவருடைய பண்பும் முற்றிலும் ஒன்றே என்றால் கடவுள் ஒரு பண்பாகிவிடுகிறார். பண்புக்கு எதுவும் தெரியாது, யாரிலும் அன்பு வைக்கவும் முடியாது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் முழந்தாளிட்டு அழுகிற தாய் அப்போது யாரிடம் மன்றாடுகிறாள்?