அந்தப் பையனைப் பார்த்து எப்படிச் சிரிக்க முடிந்தது?

முந்தாநாள் நான் பகிர்ந்த டியூஷன் செய்திக்கு வந்த கமெண்டுகளைப் பார்த்திருப்பீர்கள். டியூஷன் டீச்சரே பாலியல் தொல்லை கொடுத்த 13 வயதுப் பையன். கீழே வரிசையாக ஹா ஹா. "கொடுத்து வச்சவன்", "நம்ம காலத்துல இப்படி டீச்சர் இல்லையே". அதில் மூன்று பேர் என் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவர்கள். ஒருவருக்கு அதே வயதில் மகன் இருக்கிறான்.

அவன் ஒரு குழந்தை. 2012-இல் வந்த போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் குழந்தை என்றுதான் சொல்கிறது. ஆணா பெண்ணா என்று பார்ப்பதில்லை. 2007-இல் ஒன்றிய அரசின் ஆய்வு ஒன்று வந்தது. பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்ன குழந்தைகளில் 52.94 சதவீதம் பையன்கள்.

நான் ஏழாவது படித்ததிலிருந்து காலேஜ் முடியும்வரை அம்மா சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பார். யார் எங்கே தொட்டால் கத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். தம்பிக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. ஹாஸ்டலில் விட்டோம். முதல் லீவு முடிந்ததும், போகமாட்டேன் என்று வாசல் தூணைக் கட்டிக்கொண்டு அழுதான். "ஆம்பளப் புள்ள அழலாமா" என்று அப்பா அவன் விரல்களைப் பிரித்து எடுத்து ஆட்டோவில் ஏற்றினார். நான் டாட்டா காட்டினேன். 31 வயதில்தான் என்னிடம் வாய் திறந்தான். எல்லாம் சொல்லிவிட்டு, "மாமாகிட்ட சொல்லிடாதக்கா, சிரிப்பாரு" என்றான். அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

பெண்களுக்கு நடப்பதைக் குறைத்துக் காட்டுகிறேன் என்று ஒரு தோழி இன்பாக்ஸில் வருத்தப்பட்டாள். இல்லை. 2024 டிசம்பரில் பாலியல் வன்முறைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் எஃப்ஐஆரே வெளியே கசிந்ததே, அப்போது அந்த நேரத்தில் அங்கே ஏன் போனாள் என்று கேட்ட வாய்கள்தான் இன்று இவனைப் பார்த்துச் சிரிக்கின்றன. அவளுக்குப் பழி, இவனுக்குக் கேலி. குற்றம் செய்தவரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

"ஆண்களுக்கும்தான் சட்டம் இருக்கே" என்கிறார் ஒருவர். 18 தாண்டினால் எங்கே இருக்கிறது? சம்மதத்தோடு நடக்கும் ஓரினச் சேர்க்கை குற்றமில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும், சம்மதமில்லாமல் நடந்ததற்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு மிச்சம் இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே இல்லை. அதில் வன்புணர்வு என்றால் பெண்ணுக்கு நடந்தால் மட்டும்தான். குறைந்தபட்சத் தண்டனையே 10 வருடம். திருநர்களுக்கான 2019 சட்டத்திலோ பாலியல் வன்முறைக்கு அதிகபட்சமே 2 வருடம். ஆணுக்கு அதுவும் கிடையாது.

ஆண்கள் சங்கத்தில் சேர்ந்துவிட்டாயா என்று கேட்டவருக்குப் பதில் சொல்லப் போவதில்லை.

சட்டம் மாறும்போது மாறட்டும். சிரிக்காமல் இருப்பதற்கு எந்தச் சட்டம் வேண்டும்? என் தம்பி இத்தனை வருடம் பயந்தது அந்த ஹாஸ்டல்காரனுக்கு இல்லை, இந்தச் சிரிப்புக்கு.

இன்று காலை போன் செய்தான். அந்தப் பதிவை அவனும் பார்த்திருக்கிறான். "அந்தப் பையன்கிட்ட போன் இருக்குமாக்கா?" என்று கேட்டான். எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்த மூன்று பேரும் இன்று ராத்திரிக்குள் உங்கள் கமெண்டை எடுத்துவிடுங்கள்.