அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை

"நேற்றுப் பாடமாக்கின வாய்ப்பாடு இண்டைக்கு ஞாபகமில்லை. பென்சிலை எடுத்தது ஆர் எண்டு கேட்டா புதுசா ஒரு கதை சொல்லுறான். எவ்வளவு அடிச்சும் திருந்திறானில்லை."

கொட்டாஞ்சேனை, மட்டக்குளிப் பக்கம் எந்த ரீச்சரிடம் கதைத்தாலும் இப்படி ஒரு பிள்ளை அவர் வகுப்பில் இருக்கும். காரணமும் கையோடு சொல்லுவார்கள்: செல்லம், சோம்பல், வளர்ப்பு சரியில்லை. இப்போது போனும் சேர்ந்துகொண்டது. கர்ப்பத்தில் தாய் மதுசாரம் குடித்து, அது பிள்ளையின் மூளையைப் பாதித்திருக்கலாம் என்ற யோசனை மட்டும் யாருக்கும் வராது. தமிழ்ப் பெண்ணாவது, குடிக்கிறதாவது!

சிலர் குடிக்கிறார்கள். இலங்கையில் குடிக்கும் பெண்கள் மிகக் குறைவு என்றுதான் கணக்கெடுப்புகள் சொல்கின்றன. பெருமளவு உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பைலோடு வாசலில் நிற்கிறவரிடம் எந்தப் பெண் "ஓம், குடிக்கிறனான்" என்று சொல்லுவாள்? ஹோட்டல் கல்யாணத்தில் வைன் கிளாஸ் பிடிப்பவரும் உண்டு, புருஷனின் கசிப்புப் போத்தலில் பங்கு கேட்பவரும் உண்டு. வயிற்றில் பிள்ளை என்று தெரியவே பலருக்குச் சில கிழமைகள் போய்விடும். 2018 ஜனவரியில் பெண்களும் மதுபானம் வாங்கலாம் என்று அப்போதைய நிதி அமைச்சர் மங்கள சமரவீர அறிவித்தார். சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெறச் சொன்னார் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன. அப்போது கலாசாரம் பேசினோம், சமத்துவம் பேசினோம் (நான் இப்போதும் சமத்துவப் பக்கம்தான்). கர்ப்பத்தில் மதுசாரம் என்ன செய்யும் என்று என் காதில் ஒரு வார்த்தையும் விழவில்லை.

கர்ப்பத்தில் குடித்தால் பிள்ளைக்குப் பாதிப்பு வரும் என்பது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1968இல் பிரான்சில் போல் லெமுவான் என்ற மருத்துவர், குடிக்கும் பெற்றோரின் 127 பிள்ளைகளைப் பார்த்து எழுதினார். 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற இரு மருத்துவர்கள் இதற்கு 'கரு மதுசார நோய்க்குறி' (Fetal Alcohol Syndrome) என்று பெயர் வைத்தார்கள். தாய் குடிப்பது நச்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகிறது. அதை உடைத்து வெளியேற்ற அந்தச் சின்ன ஈரலுக்கு வலுவில்லை. இவ்வளவு குடித்தால் ஒன்றும் ஆகாது என்று யாராலும் அளவு சொல்ல முடியாது.

சின்னக் கண், மெல்லிய மேலுதடு, மூக்குக்குக் கீழே பள்ளமே இல்லாத தட்டையான இடம். படங்களில் காட்டும் முகம் இதுதான். பாதிக்கப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இந்த முகம் இருக்காது. முகம் உருவாவது கர்ப்பத்தின் ஆரம்பத்தில், கொஞ்ச நாட்களுக்குள். மூளையோ பிறக்கும் வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உதட்டை உற்றுப் பார்க்கக் கிளம்பாதீர்கள். இதே குணங்கள் வேறு காரணங்களாலும் வரும். பிரித்துப் பார்ப்பது மருத்துவரின் வேலை.

ரீச்சர்மார் கவனிக்க வேண்டியது வேறு. இந்தப் பிள்ளைகள் பலர் வாய் ஓயாமல் பேசுவார்கள். அதைப் பார்த்து, சொன்னது விளங்கிவிட்டது என்று நாங்கள் ஏமாறுவோம். "கொப்பியை எடு, திகதியைப் போடு, பதினாலாம் பக்கம் பார்" என்று ஒரே மூச்சில் சொன்னால் கொப்பி மட்டும் மேசைக்கு வரும். ஞாபகத்தில் விடுபட்ட இடத்தை மூளை தானாக ஒரு கதை போட்டு நிரப்பிவிடுகிறது; பிள்ளை அதை உண்மை என்று நம்பித்தான் சொல்கிறது. நாங்கள் பிரம்பை எடுப்பது அதற்கு! செய்ததற்கும் வாங்கும் அடிக்கும் என்ன தொடர்பு என்று பிடிபடாத பிள்ளை அடியிலிருந்து எதைப் படிக்கும்?

ஒரு நேரத்தில் ஒரு வேலை, சின்ன வசனத்தில். நாளைய ஒழுங்கைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டலாம். நேற்றுச் சொன்னதையே இன்றும் அலுக்காமல் சொல்ல வேண்டும். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இது லேசில்லை, தெரியும். மூளையில் விழுந்த பாதிப்பு மாறாது. மாறக்கூடியது அதன்பிறகு வருவது: பள்ளியை விட்டு விலகுவது, பொலிஸ், போதை. ஆன் ஸ்ட்ரைஸ்கத் 1996இல் சியாட்டிலில் வெளியிட்ட ஆய்வில், ஆறு வயதுக்கு முன் கண்டறியப்பட்டு நிலையான வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. எங்கள் ஊரில் ஆறு வயதில் புலமைப்பரிசில் ஓட்டம் தொடங்கிவிடும்.

சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். பொரளையில் ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது. தமிழில் பேச்சுப் பயிற்சி தருபவர் கிடைக்கக் கொஞ்சம் அலைய வேண்டிவரும்.

அரிஷ்டமும் ஞாபகம் வருகிறது. புளிக்கவைத்துச் செய்வதால் அதிலும் மதுசாரம் உண்டு. கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

கிளினிக்கில் இருக்கும் மிட்வைஃப் அக்காமாரிடம் ஒன்று கேட்கிறேன். சீனி இருக்கா, பிரஷர் இருக்கா என்று கேட்கிற அதே குரலில், குடிக்கிற பழக்கம் இருக்கா என்றும் கேளுங்கள். எல்லோரிடமும் கேளுங்கள், வெள்ளவத்தை மாடிவீட்டுக்காரியிடமும். கேட்கும்போது மாமியாரையும் புருஷனையும் வெளியே இருக்கச் சொல்லுங்கள்.