கைதட்டியவர்களுக்கு

நம் பார்வையற்றோர் சங்கத்தின் பொதுக்குழுவில் நடந்ததை மறுபடி முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கு இதற்குள் ஆடியோ வந்து சேர்ந்திருக்கும். நம் உறுப்பினரான ஒரு பெண் கேட்டது ஒன்றே ஒன்று: "வரவு செலவு அறிக்கையை ஸ்கேன் செய்த படமாக அனுப்பியிருக்கிறீர்கள், எழுத்தைக் குரலாக வாசிக்கும் ஸ்க்ரீன் ரீடர் அதைப் படிக்க மாட்டேன் என்கிறது, எழுத்து வடிவில் தர முடியுமா?" மேடையிலிருந்து தலைவர் சொன்ன பதில்: "முதலில் சங்கத்துக்கு விசுவாசமாக இருக்கக் கற்றுக்கொள்." அதுவும் ஒருமையில். உடனே கைதட்டல். அன்று இரவே வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்கியும் விட்டார்கள்.

அந்தப் பதிலைவிட அந்தக் கைதட்டல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

அப்படி என்ன கேட்டுவிட்டார்? பணம் எங்கே போனது என்று கேட்டாரா? தலைவரைப் பதவி விலகச் சொன்னாரா? நாங்கள் படிக்கிற மாதிரி கொடுங்கள் என்றார். இதைத்தானே நாம் வங்கிகளிடமும் பல்கலைக்கழகங்களிடமும் ஒவ்வொரு அரசு இணையதளத்திடமும் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்? நம்மால் படிக்க முடிகிற வடிவில் புத்தகம் வேண்டும் என்று பல நாட்டுப் பார்வையற்றோர் அமைப்புகள் சேர்ந்து போராடித்தான் 2013-இல் மரக்கேஷ் ஒப்பந்தம் வந்தது. பதிப்பாளர் படமாகக் கொடுத்தால் அது உரிமை மீறல், நம் பொருளாளர் கொடுத்தால் கேட்டவர் துரோகி என்றால் அது என்ன நியாயம்?

விசுவாசம் சங்கத்துக்கு. சங்கம் என்றால் உறுப்பினர்கள். தலைவர் அந்த உறுப்பினர்களில் ஒருவர். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

"தலைவர் உனக்குச் செய்ததையெல்லாம் மறந்துவிட்டாயா?" என்று போன் மேல் போன். மறக்கவில்லை. உங்களில் பலருக்குத் தெரியாதது, நானே சொல்கிறேன். கல்லூரித் தேர்வு நாள். எனக்காக எழுத வந்த ஸ்க்ரைபை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். அவர் அதிகம் படித்தவராம், அனுமதிக்க முடியாதாம். மணி அடித்துவிட்டது. உள்ளே எல்லோரும் எழுத ஆரம்பித்துவிட்டார்கள், நான் வராண்டாவில் நின்று அழுதுகொண்டிருந்தேன். யாரோ தகவல் சொல்ல, இதே தலைவர் செய்துகொண்டிருந்த வேலையைப் போட்டுவிட்டு வந்தார். கோலைத் தட்டிக்கொண்டு நேரே கண்காணிப்பாளர் அறைக்குள் போனார். குரலை உயர்த்தவே இல்லை. விதி என்ன சொல்கிறது என்று சொன்னார், சுற்றறிக்கையின் தேதியைச் சொன்னார், "அனுமதி இல்லை என்று எழுத்தில் கொடுங்கள், நான் போய்விடுகிறேன்" என்றார். எழுத்தில் கொடுக்க அங்கே ஒருவருக்கும் துணிச்சல் வரவில்லை. நான் தேர்வு எழுதினேன். போன நேரத்தையும் கூட்டிக் கொடுத்தார்கள்.

நான் வாங்கும் சம்பளத்தில் அவருக்குப் பங்கு உண்டு. எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் அது என் கடன். அந்தப் பெண்ணின் வாயை அடைத்து என் கடனைத் தீர்க்கச் சொல்லாதீர்கள். விதியைச் சொல்லிக் கேள், பதிலை எழுத்தில் கேள் என்று அன்று அவர் எனக்குக் காட்டிக்கொடுத்தார். அதைத்தான் அந்தப் பெண்ணும் செய்தார். அவரைப் போய் விசுவாசமில்லாதவர் என்றால் எனக்கு வலிக்காதா?

அடுத்து, "வீட்டுச் சண்டையைத் தெருவுக்குக் கொண்டுவரலாமா?" என்கிறார்கள். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மனுவோடு போனால் "முதலில் உங்களுக்குள் ஒற்றுமையாக வாருங்கள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பக் காத்திருக்கும் அதிகாரிகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒற்றுமை எப்படிக் குலையும் என்று கொஞ்சம் வரலாற்றைப் பாருங்கள். அமெரிக்காவில் 1940-இல் ஜேகோபஸ் டென்புரூக் தலைமையில் பார்வையற்றோர் தேசியக் கூட்டமைப்பு தொடங்கியது. அவரும் பார்வையற்றவர், பெரிய சட்ட அறிஞர். பார்வையற்றவர்களுக்காக மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்த காலத்தில், நாங்களே பேசுகிறோம் என்று எழுந்த அமைப்பு. அப்படிப்பட்ட அமைப்புக்குள்ளேயே 1950-களின் கடைசியில் தலைவருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கலாம் என்று சண்டை வந்தது. மாநிலக் கிளைகள் சில இடைநீக்கம் செய்யப்பட்டன. 1961-இல் பிரிந்து போனவர்கள் தனி அமைப்பு தொடங்கினார்கள். இன்றைக்கும் அங்கே இரண்டு அமைப்புகள்தான். யார் பக்கம் நியாயம் என்பதை அவர்கள் பேசிக்கொள்ளட்டும். உள்ளே கேட்க இடமில்லாதபோதுதான் ஆட்கள் வெளியே போகிறார்கள் என்று மட்டும் எனக்குப் புரிகிறது. அந்தப் பெண் உள்ளேதான் கேட்டார். பொதுக்குழுவில், மைக்கில், தன் முறை வந்தபோது. அதைவிட உள்ளே எங்கே போய்க் கேட்பது?

"உனக்குப் பதவி ஆசை." இல்லை.

"இவரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?" இப்படிக் கேட்பவர்கள் ஒன்றை யோசியுங்கள். பேசத் தெரிந்த ஒவ்வொருவரையும் இப்படியே ஒதுக்கிக்கொண்டு வந்தால் வேறு யார்தான் இருப்பார்கள்?

சரி, கைதட்டலுக்கு வருகிறேன். ஒரு கூடத்தில் நாமெல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம். தீர்மானம் வாசிக்கிறார்கள். "ஏற்பவர்கள் கையைத் தூக்குங்கள்" என்கிறார்கள். தூக்கிய கைகள் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? எண்ணுவது யார்? அலுவலகத்தில் சம்பளம் வாங்கும், பார்வையுள்ள ஊழியர். அவர் "பெரும்பான்மை" என்றால் பெரும்பான்மை. குரல் வாக்கெடுப்பு என்றால் அதைவிட மோசம். நமக்கு முகம் தெரியாது, குரல் தெரியும். "எதிர்க்கிறேன்" என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், அது யார் என்று கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். கைதட்டினால் யார் தட்டினார் என்று தெரியாது. அதனால் கைதட்டுவது சுலபமாக இருக்கிறது. ஸ்க்ரைப் வேண்டும், விடுதி வேண்டும், வேலைக்கு ஒரு சிபாரிசு வேண்டும் என்று சங்கத்தை நம்பி இருக்கும் பிள்ளை எந்தத் தைரியத்தில் வாயைத் திறக்கும்?

ஐ.நா. 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையில் 29-ஆவது பிரிவு நமக்கு ரகசிய வாக்குரிமையை உறுதி செய்யச் சொல்கிறது. அதே உடன்படிக்கையில் 4-ஆவது பிரிவு, நம்மைப் பற்றிய முடிவுகளில் நம் அமைப்புகளைக் கலந்து பேச வேண்டும் என்று அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது. அந்த அமைப்பு நம் எல்லோர் சார்பாகவும் பேசும் என்ற நம்பிக்கையில்தானே அந்த இடத்தைக் கொடுத்திருக்கிறார்கள்? சொந்த உறுப்பினரின் கேள்விக்குப் பதில் சொல்லாத சங்கம் அங்கே யாருக்காகப் போய் உட்காரும்?

எனக்குக் கோபம் தலைவர் மேல் மட்டும் இல்லை. நேற்று ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, "நீ சொல்வது சரிதான், ஆனால் என் பெயரைச் சொல்லிவிடாதே" என்றார். சொல்ல மாட்டேன். ஆனால் அந்த போனை வைத்த பிறகு வெகுநேரம் என்னால் வேறெதுவும் செய்ய முடியவில்லை. அவரும் நானும் ஒரே விடுதியில் ஒரே பிரெயில் புத்தகத்தை மாற்றி மாற்றித் தடவிப் படித்தவர்கள். ஒரு சின்னப் பெண்ணுக்கு வந்த துணிச்சல் நமக்கு ஏன் வரவில்லை?

நான் சங்கத்தை விட்டுப் போகவில்லை. போகவும் மாட்டேன். அடுத்த பொதுக்குழுவுக்கு இரண்டு தீர்மானங்கள் எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒன்று, அந்தப் பெண்ணை வாட்ஸ்அப் குழுவில் மறுபடி சேர்த்து, அறிக்கையை எல்லோருக்கும் எழுத்து வடிவில் தர வேண்டும். இரண்டு, இனி எல்லா வாக்கெடுப்பும் ரகசியமாக நடக்க வேண்டும். இதற்குப் பெரிய தொழில்நுட்பமெல்லாம் வேண்டாம். ஆளுக்கு இரண்டு அட்டை. மூலை வெட்டியது ஆம், வெட்டாதது இல்லை. ஒன்றைப் பெட்டியில் போடுங்கள், மற்றதை இன்னொரு பெட்டியில் போட்டுவிடுங்கள். நம்மில் இருவர் எல்லோர் முன்னாலும் தடவி எண்ணட்டும்.

முன்மொழிவது நான். வழிமொழிய ஒருவர் வேண்டும். வெளிப்படையாகப் பெயர் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் மட்டும் இன்பாக்ஸுக்கு வாருங்கள்.