ஒரு சொட்டும் இறங்காது என்பது சரியல்ல
ஃபோர்டு எஃப்-150 போன்ற பிக்கப் வண்டியின் சரக்குத் தொட்டிக்குக் கடினப் பலகை மடிப்பு மூடி போட்டுவிட்டால் ஒரு சொட்டு நீரும் இறங்காது என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது, புதிதாக வாங்குவோரைத் தவறாக வழிநடத்தும். அலுமினியப் பலகைகளுக்கு இடையிலுள்ள ரப்பர் இணைப்புகள் மழையைப் பெரும்பாலும் தடுத்துவிடும். ஆனால் பின்கதவு நீர் புகாதபடி செய்யப்பட்டதல்ல என்பதால், அதன் பக்க இடுக்குகளிலும் கீழ்விளிம்பிலும், மூடியின் பக்கச் சட்டம் கேபினை ஒட்டிய சுவரைத் தொடும் முன்மூலைகளிலும் ஈரம் கசியும். தனியாகக் கிடைக்கும் பின்கதவு ரப்பர் பட்டையை ஒட்டினால் கசிவு வெகுவாகக் குறையும். எனினும் அட்டைப்பெட்டிகளைத் தொட்டியின் தரையில் அப்படியே வைக்காதீர்கள். பூட்டு பற்றியும் சொல்ல வேண்டும்: இவ்வகை மூடிகள் பலவற்றில் தாழ்ப்பாளை விடுவிக்கும் கம்பி உட்புறத்தில்தான் இருக்கிறது, ஆகவே பின்கதவைப் பூட்டாமல் விட்டால், மூடி எவ்வளவு உறுதியானதாயினும் உள்ளிருக்கும் கருவிகளுக்குக் காவல் இல்லை.